அவைக்களம் அமைத்தல்

கற்றோர் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்துத் தேடிய அறிவை ஒரு மணி நேரத்தில் பிறர்க்கு எடுத்து வழங்கும் இடம் பல்கலைக்கழகச் சொற்பொழிவு மண்டபம் ஆகும். அறக்கட்டளைச் சொற்பொழிவு, பட்டமளிப்பு விழாப் பேருரை, கருத்தரங்கு எனப் பல பெயர்களால் வெளியூர் அறிஞர்களைப் பல்கலைக்கழகங்கள் அழைக்கின்றன. வருபவர் எத்துணைப் புலமை உடையவராயினும், கடைசி வரிசையில் அமர்ந்துள்ள மாணவன் செவிக்கு அவர் சொல் எட்டாதாயின், அவனுக்கு அவர் வந்ததும் வாராததும் ஒன்றே.

திருக்குறள் அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரண்டு அதிகாரங்களைப் பேசுவோன் பொருட்டு வகுத்துள்ளது. பாடம் சொல்லும் ஆசிரியன் தக்க பொழுதையும் தக்க இடத்தையும் தெரிந்துகொள்ளுதல் வேண்டும் என்று நன்னூல் கூறும். ஆயின், வெளியூரிலிருந்து வரும் விருந்தினர் இடத்தை எவ்வாறு ஆராய்தல் கூடும்? கூட்டம் தொடங்குதற்குக் கால் மணி நேரத்திற்கு முன்னர்த்தான் அவர் பெரும்பாலும் மண்டபத்தைக் காண்கின்றார். ஆதலின், அவர் செய்யவேண்டிய அவ்வாராய்ச்சியை அழைத்தவர்களே அவருக்காகச் செய்து வைத்தல் வேண்டும்.

அங்ஙனம் செய்யாக்கால் நேரும் இடருக்கு அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது ஒன்று சான்றாகும். அங்கே 1895ஆம் ஆண்டில் ஃபாக் கலைக்காட்சிச்சாலை என்னும் புதிய கட்டடம் திறக்கப்பெற்றது. அதன்கண் அமைந்த விரிவுரைக்கூடம் காட்சிக்கு இனியதாயிருந்தும் கேள்விக்கு உதவாததாயிற்று. பேசுவோர் வாயினின்று புறப்பட்ட ஒரு சொல்லின் ஒலி, சுவரிலும் கூரையிலும் மோதி மோதி ஏறத்தாழ 5½ நொடி வரையில் அடங்காது நின்றது. அதற்குள் நிதானமாகப் பேசுவோரும் பத்துப் பன்னிரண்டு அசைகளைச் சொல்லிவிடுவர் அன்றோ? முன் சொல்லின் முழக்கம் பின் சொல்லை விழுங்கிற்று. கேட்போர்க்கு ஓசை கேட்டது, உரை விளங்கவில்லை.

இக்குறையைத் தீர்க்கும் வழி காணுமாறு பல்கலைக்கழகத் தலைவர் எலியட் என்பார், வாலஸ் சேபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரை ஏவினார். சேபைனுக்கு அப்போது அகவை 27. தெருவொலி அடங்கிய நள்ளிரவிலேதான் நுட்பமாகச் செவிகொடுத்து அளத்தல் இயலும். ஆகவே, அவர் இரவுதோறும் உதவியாளருடன் சென்று, அதே பல்கலைக்கழகத்துச் சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கைமெத்தைகளைச் சுமந்து வந்து கூடத்தில் பரப்புவார். இசைக்குழல் ஒன்றை ஒலிக்கச் செய்து நிறுத்துவார். ஒலி முற்றும் தேயும் வரையில் ஆகும் காலத்தைக் கணக்கிடுவார். பொழுது விடியுமுன் மெத்தைகளெல்லாம் பழைய இடத்தை அடைந்திருத்தல் வேண்டும். மெத்தைகள் மிகுதோறும் ஒலி தங்கும் காலம் குறைந்தது; இருக்கை, தரை, மேடை, பின்சுவர் யாவும் மெத்தையால் மூடப்பெற்றபோது அது ஏறத்தாழ ஒரு நொடியாயிற்று.

கூடத்தின் கொள்ளளவு பெருகினால் ஒலி நீடிக்கும். ஒலியை உறிஞ்சும் மென்பொருள் பெருகினால் ஒலி விரைவில் அடங்கும். இவ்விரண்டற்கும் உள்ள கணக்கை 1898இல் சேபைன் கண்டார். கூடத்தின் சுவர்களில் கம்பளித்தகடு பொருத்தப்பெற்றது. அதன்பின் அங்கே பேச்சு விளங்கிற்று. 1900இல் திறக்கப்பெற்ற பாஸ்டன் இசையரங்கம் இக்கணக்கைக் கொண்டே அமைக்கப்பெற்றது. கட்டட ஒலியியல் என்னும் தனித்துறை மாணவர் பேச்சைக் கேட்க இயலாத ஒரு வகுப்பறையில் பிறந்தது என்பது எண்ணத்தக்கது. அக்கூடம் 1973இல் இடிக்கப்பட்டுவிட்டது.

மெத்தையைப் போலவே மக்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுவன. ஆதலின், வெறுங்கூடத்தில் செய்யும் சோதனை ஏமாற்றும். ஆளில்லாத மண்டபத்தில் கணீரென்று ஒலித்த ஒலிபெருக்கி, ஆயிரவர் கூடியபோது மங்கிக் கேட்பதுண்டு. சோதனை செய்வோர் ஒலிவாங்கியின்முன் நின்று ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என எண்ணுதல் போதாது. ஒருவர் முழு வாக்கியங்களைப் படிக்க, மற்றொருவர் கடைசி வரிசையிலும், மேல்மாடத்திலும், தூண் மறைவிலும் அமர்ந்து கேட்டல் வேண்டும். மின்விசிறிகள் யாவும் அப்போது சுழன்றுகொண்டிருத்தல் நன்று. விழாவின்போது அவை சுழலும் அன்றோ?

ஒலிபெருக்கி சிற்சில வேளை ஊளையிடுவதை யாவரும் அறிவர். பலர் அதனைக் கருவியின் பழுது என்றே கருதுகின்றனர். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மீண்டும் ஒலிவாங்கியிற் புகுந்து, பெருகி வெளிவந்து, மறுபடியும் புகுகின்றது, அச்சுழற்சியே அவ்வூளை. ஒலிபெருக்கியை மேடைக்கு முன்னே, அவையோரை நோக்கி நிறுத்தினால் அது பெரும்பாலும் நேராது. பேசுவோர் ஒலிவாங்கியினின்று ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில் நிற்றல் தகும். குள்ளமானவர் எட்டிப் பார்க்கவும் நெட்டையர் கூனவும் நேராதபடி உரைமேடை அமைதல் வேண்டும். ஆதலின், விருந்தினரின் உயரத்தை முன்னரே கேட்டறிதல் நகைப்பிற்குரிய செயல் அன்று. முதியவராயின் மேடைப்படிக்குக் கைப்பிடி உண்டா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

இந்நாளில் அறிஞர் பலர் கணினியின் துணையால் திரையிற் படங்காட்டிப் பேசுகின்றனர். அப்படங்களை முதல் நாளே வரவழைத்து, மண்டபத்துக் கருவியிலேயே ஓட்டிப் பார்த்தல் இன்றியமையாதது. தமிழ் எழுத்துகள் ஒரு கணினியில் செவ்வையாகத் தோன்றி, மற்றொன்றில் வெறுங்கட்டங்களாக மாறிவிடுதல் உண்டு. திரைக்கு எதிரேயுள்ள சன்னலுக்குத் திரைச்சீலை வேண்டும். ஆயினும், பேசுவோர் தம் குறிப்பைப் படிக்கச் சிறு விளக்கு எரிதல் வேண்டும். குடிநீர்க் குவளையைக் குறிப்புத்தாளின் அருகே வையாது தனி முக்காலியில் வைத்தல் நலம்.

அழைப்புக் கடிதத்தில் நாள், நேரம், இடம், பொருள் என்பவற்றோடு, எத்துணை நேரம் பேசுதல் வேண்டும், கேட்போர் யாவர் என்பனவும் தெளிவாக இருத்தல் வேண்டும். முதலாண்டு மாணவரா, ஆராய்ச்சியாளரா என்பது தெரியாமல் எவ்வளவு கற்றவரும் அளவறிந்து பேச இயலாது. அழைப்பிதழை அச்சிடுமுன் பெயரையும் பட்டங்களையும் அவரிடமே காட்டித் திருத்திக்கொள்ளுதல் முறை. அறிமுகவுரை ஐந்து மணித்துளிக்கு மேற்படுதல் ஆகாது. விருந்தினர்க்குரிய நேரத்தில் பாதியை அறிமுகம் செய்வோரே உண்டுவிடும் வழக்கம் பல மன்றங்களிற் காணப்படுகின்றது. நேரம் காப்போர் முன்வரிசையில் அமர்ந்து, பத்து மணித்துளி எஞ்சியிருக்கையில் ஓர் அட்டையைக் காட்டினாற் போதும், மணியடித்தல் பண்பன்று.

உரை முடிந்தபின் அவையிலிருந்து வினா எழும். வினவுவோர்க்கு ஒலிவாங்கி எட்டாதாயின், தலைவர் அவ்வினாவை ஒருமுறை உரக்கச் சொல்லிய பின்னரே விடை கூறுதல் வேண்டும். இன்றேல், அவையின் பாதிப் பேர் வினா இன்னதென அறியாமலே விடையைக் கேட்டிருப்பர். வழிச்செலவுத் தொகையை விருந்தினர் வாய்விட்டுக் கேட்கும்படி விடலாகாது. ஊர்தி புறப்படுமுன் உறையிலிட்டு அவர் கையிற் சேர்த்தல் வேண்டும். அதன்பின் ஒலிவாங்கிகளைக் கழற்றி எண்ணி வைத்து, விசிறிகளை நிறுத்தி, மண்டபக் காவலரிடம் திறவுகோலை ஒப்படைப்பார்கள்.