கல்லைத் தழுவிய பைன்

ஜப்பான் தேசத்துக் கடலோரப் பாறைகளில், ஒரு பிடி மண்ணுமில்லாத இடுக்கில் விழுந்து முளைத்த பைன் மரம், நீர் நாடித் தன் வேர்களைப் பாறையின் மேலாகவே கீழிறக்கும். ஆண்டு பல கழிந்தபின் அவ்வேர்கள் பருந்தின் உகிர்போற் கல்லைக் கவ்வி நிற்கும். அக்காட்சியை ஒரு தட்டளவிற் சுருக்கிக் காட்டுவதே ‘செகிஜோஜு’ என்னும் போன்சாய் வகை. கல்லின் குழியிலேயே மண்ணிட்டு வளர்க்கும் ‘இஷிட்சுகி’ வேறு. இதிலோ வேர்கள் கல்லைத் தழுவி இறங்கித் தட்டிலுள்ள மண்ணிற் புகுந்து உணவு கொள்ளும்.

இதற்கேற்ற கல் உறைபனியாற் பிளவாததாய், சொரசொரப்பாய், மேலிருந்து கீழ்வரை ஓடும் பள்ளக்கோடுகள் உடையதாய் இருத்தல் வேண்டும். வழவழப்பான கல்லை வேர் பற்றாது. ‘குரோமட்சு’ என்னும் கரும்பைனின் இளங்கன்றை ஆழ்ந்து குறுகிய கலத்தில் இரண்டு மூன்றாண்டு வளர்த்தால் வேர் நீளும். இளவேனிற் றொடக்கத்தில் அதனை எடுத்து, வேர்களை ஒவ்வொன்றாய்க் கோடுகளிற் பதித்து, பசையுள்ள சேற்றுமண் பூசி, நாரினால் இறுகச் சுற்றிக் கல்லோடு மண்ணிற் புதைப்பர். ஈண்டு ஓர் எச்சரிக்கை: பைன் வேரில் வெண்ணூல்போற் படர்ந்திருப்பது நோயன்று, மரத்திற்கு நீரும் சத்தும் ஈட்டித்தரும் பூஞ்சை அது. அதனை முற்றும் கழுவிவிடுவோர் கன்றையும் இழத்தல் கூடும்.

பின்னர்க் காத்திருத்தலே வேலை. பலர் தோல்வியுறுவதும் இவ்விடத்தேதான். மேப்பிள் மரத்தின் சில வகைகள் சில ஆண்டுகளிற் கல்லைப் பற்றிக்கொள்ளும். பைன் வேர் பருப்பதற்கோ அதனினும் நெடுங்காலம் செல்லும். மேல்மண்ணைச் சிறிது சிறிதாக, ஆண்டுக்குச் சில விரற்கடையே நீக்க, வெளிப்பட்ட வேர் வெயிலும் காற்றும் பட்டுத் தடித்துப் பட்டை கொள்ளும். ஆவலடக்க மாட்டாமல் ஒரே நாளில் முழுதும் திறந்தாலோ, மெல்வேர் உலர்ந்துபோம்.

மரத்தைப் பட்டினியிட்டுக் குறுக்குகின்றனர், இது கொடுமையே என்று விடுதி நண்பர் ஒருவர் என்னொடு வாதித்தார். அஃது உண்மையன்று. வேரையும் கிளையையும் கத்தரித்தலாலேயே சிறுமை வருகின்றது. கோடைத் தொடக்கத்திற் புதுக்குருத்தை வெட்டினால், அடுத்து வரும் குருத்தின் ஊசியிலைகள் குறுகி நிற்கும். உணவு குறைப்பதில்லை, காலந்தோறும் எருவும், வேனிலில் நாள்தோறும் நீரும் இட்டேயாக வேண்டும். நண்பர் கூற்றில் ஒன்று மட்டும் மெய்: மனிதனையே முற்றும் நம்பியிருக்கும் மரம் இது. நீர் ஊற்ற ஆள் வையாது கோடையில் ஒரு வாரம் ஊர்சென்றவன் மீண்டு வந்து காண்பது விறகே.

அதனாலன்றோ இம்மரங்கள் தலைமுறை தலைமுறையாய்க் கைமாறுகின்றன! 1625 முதல் வளர்க்கப்பட்டதாகக் கூறப்படும் வெண்பைன் ஒன்று, கல்லின்மேல் அமைந்ததன்றாயினும், ஈண்டு நினைக்கத் தக்கது. 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தபோது, அது யமாக்கி குடும்பத்தார் தோட்டத்தில், ஒரு மதிலின் மறைவில் நின்று பிழைத்தது. 1976-இல் அவர்கள் அதனை அமெரிக்க நாட்டிற்கு வழங்கினர். 2001-இல் அக்குடும்பத்துப் பேரர் இருவர் வாஷிங்டன் நகர்க்கு அதனைக் காண வந்து கூறிய பின்னரே, தாம் நீர் வார்த்துவந்த மரம் எத்தகையதென்பதை அங்குள்ளோர் அறிந்தனர்.