எலி எப்போது மனிதன் ஆனது?

'இந்தப் பழச்சாறு ஞாபக மறதியைத் தடுக்கும்' என்று பேப்பரில் ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே வரை படித்தால், ஆய்வு நடந்தது எலிகளிடம். எலி எந்த இடத்தில் மனிதனாக மாறியது? நிருபர்தான் ஊதிவிட்டார் என்று சொல்லத் தோன்றும். டீ ஆறுவதற்குள் செய்தி வந்த வழியைப் பார்த்துவிடலாம்.

ஆய்விதழ் ஒரு கட்டுரையை ஏற்றுக்கொண்டதும், பல்கலைக்கழகத்தின் ஊடகப் பிரிவு செய்திக்குறிப்பு எழுதுகிறது. பெரும்பாலும் விஞ்ஞானியும் படித்துச் சம்மதம் சொல்கிறார். யுரேக்அலர்ட் போன்ற தளங்கள் வழியாக அது நிருபர்களுக்குப் போகிறது. 'இந்த நாள், இந்த மணிக்கு முன் வெளியிடக்கூடாது' என்ற நிபந்தனையும் கூடவே வரும். மறுபக்கம், அறிவியலுக்கென்று தனி நிருபர் வைத்திருக்கும் நிறுவனங்கள் குறைகின்றன. சிஎன்என் 2008இலேயே தன் அறிவியல் பிரிவைக் கலைத்துவிட்டது. ஒரே நாளில் நாலைந்து செய்தி கொடுக்க வேண்டியவர், கையில் இருக்கும் குறிப்பை நம்பித்தான் எழுதுவார்.

மிகை எங்கே தொடங்குகிறது என்பதைக் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எண்ணியே பார்த்தார்கள். பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011இல் வெளியிட்ட, உடல்நலம் தொடர்பான 462 குறிப்புகளை மூல ஆய்வோடும் பத்திரிகைச் செய்திகளோடும் ஒப்பிட்டார்கள். முடிவு 2014இல் பிஎம்ஜே இதழில் வந்தது. விலங்கு ஆய்வுகளைப் பற்றிய குறிப்புகளில் 36 சதவீதம், மனிதருக்கும் பொருந்தும் என்று மிகைப்படுத்தியிருந்தன. அத்தகைய குறிப்புகளிலிருந்து வந்த செய்திகளில் 86 சதவீதத்தில் அதே மிகை. குறிப்பு அடக்கமாக இருந்த இடத்தில் 10 சதவீதத்தில்தான். இரண்டும் சேர்ந்து வருவதைத்தான் இது காட்டுகிறது, ஒன்றால்தான் மற்றது என்று நிரூபிக்கவில்லை. ஆனாலும் எலி பல நேரம் பத்திரிகை அலுவலகத்துக்கு வருமுன்பே மனிதனாகிவிடுகிறது. இத்தனைக்கும், மிகைப்படுத்திய குறிப்புகள் கூடுதலாகச் செய்தியானதற்குப் பெரிய ஆதாரமும் இல்லை.

குறிப்பு முழுக்கப் பொய் என்று அர்த்தமில்லை. கல்யாணத் தரகர் பையனைப் பற்றிச் சொல்வது மாதிரிதான்: சொன்னது உண்மையாக இருக்கலாம், சொல்லாமல் விட்டதை நாம்தான் விசாரிக்க வேண்டும். அந்த விசாரிப்புதான் இன்று அறிவியல் நிருபரின் முதல் வேலை.

ஓர் உதாரணம்: 2010 டிசம்பரில் நாசா ஒரு பத்திரிகையாளர் கூட்டம் வைத்தது. கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் கிடைத்த பாக்டீரியா, பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்செனிக்கை வைத்து வளர்கிறது என்று அறிவித்தது. அறிவியல் எழுத்தாளர் கார்ல் ஸிம்மர், அந்த ஆய்வில் சம்பந்தப்படாத ஒரு டஜன் நிபுணர்களிடம் கேட்டார். ஏறக்குறைய எல்லாருமே ஆதாரம் போதாது என்றார்கள். 2012இல் இரண்டு ஆய்வுகள் அதை மறுத்தன. 2025இல், முதல் ஆய்வை நடத்தியவர்கள் ஒப்புக்கொள்ளாதபோதும், அதை வெளியிட்டிருந்த சயன்ஸ் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

ஆகவே அறிவியல் செய்தி படிக்கும்போது, ஆய்வில் பங்கில்லாத ஒருவரின் கருத்து அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிருபர் யாருக்கோ போன் செய்திருக்கிறார். இல்லையென்றால், நீங்கள் படிப்பது அநேகமாக அந்த நிறுவனம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டதைத்தான்.