இழுத்துப் பார்க்கும் கலம்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஆஸ்பத்திரியில் பிறக்கும் பிள்ளைக்கு, வீட்டுக்குக் கொண்டுபோக முன்னரே இடது மேற்கையில் பி.சி.ஜி. ஊசி போட்டுவிடுவார்கள். அந்த இடத்தில் தழும்பு வந்திருக்கிறதா என்று பிறகு பார்ப்பார்கள். காசநோய்க் கிருமியை இனங்காண அந்த ஊசி பழக்குவது முக்கியமாக ரி கலங்கள் என்னும் நோயெதிர்ப்புக் கலங்களை. கண்ணில்லாத ஒரு கலம் அந்நியனை எப்படி அறிகிறது? தொட்டு, இழுத்து அறிகிறது.

எங்கள் உடற்கலங்கள் தமக்குள் இருக்கும் புரதங்களைச் சிறு துண்டுகளாக்கி மேற்பரப்பில் ஏந்தி நிற்கும். ஆயிரமாயிரம் துண்டுகளில் அநேகமானவை எங்களுடைய சொந்தப் புரதங்களே. கிருமியின் துண்டு ஒருசிலதான் இருக்கும். தன் வாங்கியால் பிடித்துப் பார்த்து ரி கலம் அந்த ஒருசிலவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தப் பிடியை அற்லாண்டாவில், ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவகத்தில், செங் சூவின் குழு அளந்து 2014இல் வெளியிட்டது. அவர்களுடைய விற்றராசு ஒரு செங்குருதிக் கலம்! நுண்ணிய கண்ணாடிக் குழாயின் நுனியில் அதை உறிஞ்சிப் பிடித்து, மறுபக்கத்தில் சின்னஞ்சிறு மணியொன்றை ஒட்டுவார்கள். மணியின்மேல் ரி கலம் பிடித்துப் பார்க்கும் புரதத் துண்டு. எதிரே இன்னொரு குழாயில் ரி கலம். இரண்டையும் தொடவிட்டு மெல்லப் பின்னிழுத்தால் செங்குருதிக் கலம் நீளும். நீண்ட அளவு விசையைச் சொல்லும். பிடி எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

இழுத்தால் பிடி விடுவதுதானே வழமை. ரி கலத்தை உசுப்பாத துண்டுகளில் அப்படித்தான் நடந்தது. உசுப்பும் துண்டிலோ விசை ஏற ஏறப் பிடி கூடிய நேரம் நின்றது, ஏறத்தாழ 10 பிக்கோநியூற்றன் வரை. அதற்கு மேலே போனால்தான் தளர்ந்தது. கட்டாக்காலி மாட்டுக்கு எறியும் உருவுதடம் மாதிரி: மாடு இழுக்க இழுக்க இறுகும். 10 பிக்கோநியூற்றன் எவ்வளவு? 25 மில்லிகிராம் நெல்மணியின் நிறையை இரண்டரைக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு.

சோதித்தது சுண்டெலியின் ரி கலத்தையும் கோழிமுட்டைப் புரதத்தின் துண்டையும். அந்தத் துண்டில் இருப்பவை எட்டே அமினோ அமிலங்கள். ஒன்றை மாற்றினாலே போதும், சில துண்டுகளில் உருவுதடம் இறுகாமல் வழுகிப்போனது. இவ்வளவு நுணுக்கத்தை ஓர் இழுவை காட்டிக்கொடுப்பது என்னை இன்னமும் வியக்க வைக்கிறது.

ஆய்வுகூடத்தில் இழுத்தது மனிதன். உடலுக்குள் யார் இழுப்பது? கலமேதான். அதே நகரின் எமரி பல்கலைக்கழகத்தில் காலித் சலைட்டாவின் குழு, குறித்த விசையில் விரிந்து ஒளிரும் டி.என்.ஏ. மடிப்புகளில் துண்டுகளைக் கட்டி வைத்தது. ரி கலங்கள் 12 முதல் 19 பிக்கோநியூற்றன் வரை இழுப்பதை அந்த ஒளி காட்டியது; 2016இல் அது வெளியானது. 12க்கு மேல் இழுக்க முடியாதபடி, துண்டுகளைக் கட்டிய டி.என்.ஏ. இழைகளை அறுந்துபோக வைத்தபோது, ஒன்றையொன்று ஒத்த துண்டுகளைப் பிரித்தறியும் திறன் அந்தக் கலங்களில் மங்கிப்போனது.