ஒரே அலைவரிசையில் இரண்டு ரிப்பீட்டர்: குழப்பம் தவிர்ப்பது எப்படி?

கடை, குடோன், லாரி இவற்றுக்கிடையே பேச வாக்கி-டாக்கி வாங்க எண்ணும் வணிக அன்பர்கள் நம்மில் உண்டு. வாங்குமுன் ஒரு விவரம் அறிவது நல்லது.

கைக்கருவியின் பேச்சு சில கிலோமீட்டருக்கு மேல் எட்டுவது கடினம். தூரம் வேண்டின் உயரமான இடத்தில் ரிப்பீட்டர் வைப்பார்கள். அது ஓர் அலைவரிசையில் கேட்டதை அதே சமயத்தில் வேறோர் அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும்.

அலைவரிசைகள் குறைவு; பலர் பகிர்ந்தே ஆக வேண்டும். புதுக்கோட்டையில் ஒன்றும் அறந்தாங்கியில் ஒன்றுமாக ஒரே அலைவரிசையில் இரண்டு ரிப்பீட்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆலங்குடியிலிருந்து ஒருவர் பேசினால் இரண்டுமே இயங்கிவிடலாம். 'பத்து மூட்டை ஏற்று' என்று நாம் சொன்னது பிறர் ஆட்களின் காதில் விழும். சரக்கு மாறினால் நட்டம் யாருக்கு?

இதற்கு டோன் முறை உள்ளது. பேச்சுடன் 67 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரையிலான ஒரு தாழ்ந்த ஒலியைக் கருவி சேர்த்து அனுப்பும். வாங்கும் கருவி அதை வடிகட்டிவிடுவதால் நம் காதில் விழாது. ரிப்பீட்டர் ஒவ்வொன்றுக்கும் தனி டோன் வைத்தால், தன் டோன் வந்தால்தான் அது திறக்கும்.

ஆனால் டோன் ஒரு வாசற்காவலனே; பாதையை அகலமாக்காது. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான அலை மற்றதை அமுக்கிவிடும். இரண்டும் சமபலமானால் வெறும் இரைச்சலே மிஞ்சும். டோன் இரகசியத்தையும் காக்காது. டோனை அணைத்து வைத்திருப்பவர் நம் விலை விவரத்தைக் கேட்கலாம்.

ஆகவே சில ஒழுங்குகள் வேண்டும். ஆன்டெனா உயரமும் சக்தியும் தேவைக்கு மேல் வேண்டாம். பேசுமுன் செவிமடுத்து, சுருக்கமாகப் பேச வேண்டும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் கூடுதல் கவனம் தேவை. காற்று அடங்கிய நாட்களில் கடல்மேல் அலைகள் வழக்கத்தைவிட வெகுதூரம் செல்வதுண்டு.

ரிப்பீட்டருக்கு மத்திய அரசின் லைசென்ஸ் அவசியம். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த சக்திக் கைக்கருவிகளுக்கு மட்டும் 2018 முதல் லைசென்ஸ் விலக்கு உண்டு. அனுமதியற்ற வாக்கி-டாக்கிகளை இணையத்தில் விற்பதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. எனவே மலிவு விலை கண்டு மயங்காமல், எந்த அலைவரிசை, ஒப்புதல் சான்று உண்டா என்று கேட்டு, பில்லுடன் வாங்குவோம்.