கையெழுத்து எதுவரை கட்டும்?

1913ஆம் ஆண்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயில உதவித்தொகை பெற்ற அண்ணல் அம்பேத்கர், படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணியாற்றுவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1917இல் அப்பணியிலும் சேர்ந்தார். ஆனால் அலுவலகத்தில் தீண்டாமை. நகரில் தங்க இடமில்லை. பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்ட பின் அவர் பரோடாவை விட்டு வெளியேறினார். வரலாறு அவரைச் சொல் தவறியவராகப் பதிவு செய்யவில்லை.

இன்றைய முதல் தலைமுறைப் பட்டதாரியின் சூழல் வேறு. வளாக நேர்காணலில் ஒரு தனியார் பணியை ஏற்றுக்கொண்டிருப்பார். சேரும் நாளுக்குள் அரசுத் தேர்வின் முடிவு வந்துவிடும். தனியார் துறையில் இடஒதுக்கீடு சட்டக் கட்டாயமாக இல்லாத நிலையில், அரசுப் பணி அவர் குடும்பத்துக்கு வெறும் ஊதியம் மட்டுமன்று. ஆயினும் "வேலை கொடுத்தவர்களுக்குத் துரோகம் செய்யலாமா?" என்ற தயக்கம் அவரை வாட்டுகிறது. வேலை என்பது அவர் தகுதிக்குக் கிடைத்தது. எவரும் இட்ட பிச்சையன்று.

சட்டம் என்ன சொல்கிறது? தனிப்பட்ட உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றியே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்த இயலாது என்பதே 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. நிறுவனம் கோரக்கூடியது இழப்பீடு மட்டுமே. அதுவும், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட தொகைக்கு மிகாத நியாயமான அளவே. எனினும் பணிப் பிணைப் பத்திரம் எல்லாம் செல்லாது என்று எண்ணிவிடக் கூடாது. மூன்றாண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற பொதுத்துறை வங்கியொன்றின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே கையெழுத்திட்ட தாளின் ஒவ்வொரு வரியையும் மீண்டும் படியுங்கள்.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. தேர்வுப் பட்டியலில் பெயர் இடம்பெறுவதாலேயே பணி நியமனம் உரிமையாகிவிடாது என்று 1991இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. எனவே நியமன ஆணை கைக்கு வரும்வரை இருக்கும் வாய்ப்பை உதறாதீர்கள். தேவையெனில் சேரும் நாளைத் தள்ளிவைக்குமாறு கேளுங்கள். மறுத்தால் பணியில் சேர்ந்துவிட்டு, விலகல் அறிவிப்புக் காலத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைப் பிணையாக எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். சாதிச் சான்றிதழ் உட்பட அவை அனைத்தும் அரசின் சரிபார்ப்புக்குத் தேவைப்படும்.

ஆணை வந்த அன்றே, நன்றி கூறி, காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லி, எழுத்து மூலம் விலகுங்கள். கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவுக்கும் தெரிவியுங்கள். சொல்லாமல் மறைந்தால், காலியாகும் இடம் காத்திருக்கும் இன்னொரு மாணவருக்குக் கிடைக்காமலே போகலாம். அவரும் நம் சேரியிலிருந்து வந்தவராக இருக்கலாம்.

பண்ணையடிமைகளாக நடத்தப்பட்ட நம் முன்னோர்க்கு, வேலையை விட்டு விலகும் சுதந்திரம் இருந்ததில்லை. அந்தச் சுதந்திரத்தைக் குற்றவுணர்வின்றி, பொறுப்புடன் பயன்படுத்துவோம்.