பாட்டி வீட்டை வரையலாம், வாங்க!

குட்டீஸ்! தேனாம்பேட்டை சிக்னலில் நின்றிருக்கிறீர்களா? சாலை முழுக்க பஸ், ஆட்டோ, பைக். தரைக்கு அடியிலோ மெட்ரோ ரயில். இந்த இடத்துக்கு மேற்கே ஒரு காலத்தில் நீளமான ஏரி ஒன்று இருந்தது என்றால் நம்புவீர்களா?

நிஜம்தான்! நுங்கம்பாக்கம், மாம்பலம் என்று நீண்டு கிடந்த ஏரி அது. 1920-களில் மாம்பலம் பக்கத்தில் இருந்த தண்ணீரை வடித்துவிட்டுத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். ஆமாம், தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறீர்களே, அதே தி.நகர்தான்!

ஏரி எவ்வளவு பெரியது என்று பழைய மேப் சொல்லிவிடும். ஆனால், சாயங்காலத்தில் அதன் கரையில் பிள்ளைகள் என்ன விளையாடினார்கள்? எந்த மரத்தடியில் உட்கார்ந்தார்கள்? அதெல்லாம் மேப்பில் இருக்காது. பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பத்து வயதாக இருந்தவருக்கு இன்றைக்கு நூறு வயதைத் தாண்டியிருக்கும். யாரிடம் போய்க் கேட்பது?

உங்கள் வீட்டிலும் இதேபோல ஒன்று இருக்கிறது. அது தாத்தா, பாட்டி சின்ன வயதில் வாழ்ந்த வீடு! அதை இடித்து அபார்ட்மென்ட் கட்டியிருக்கலாம். வேறு யாருக்காவது விற்றிருக்கலாம். போட்டோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் கேமரா கிடையாது. ஸ்டூடியோவுக்குப் போய், வரிசையாக நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். படத்தில் எல்லோரும் இருப்பார்கள், வீடு மட்டும் இருக்காது!

ஆக, அந்த வீடு இப்போது ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. பாட்டியின் ஞாபகத்தில். அதைப் பேப்பருக்குக் கொண்டுவர உங்களால் முடியும்.

ஞாபகத்திலிருந்து 80 வீடுகள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர் தா.சனாதனன். இலங்கையில் 1983 முதல் 2009 வரை நடந்த போரில் லட்சக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. பலருடைய வீடுகள் இடிந்து போயின. சிலரால் திரும்பிப் போகவே முடியவில்லை.

அப்படி வீட்டை இழந்தவர்களைத் தேடிப் போனார் சனாதனன். "நீங்கள் இருந்த வீட்டை வரைந்து காட்டுங்கள்" என்று கேட்டார். அவர்கள் யாரும் ஓவியர்கள் இல்லை. ஆனாலும் வரைந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து, கட்டட வரைபடம்போல இன்னொரு படம் தயாரானது. பிறகு, அவர்கள் சொன்ன கதையைக் கேட்டு மனதில் தோன்றியதை மூன்றாவது படமாக வரைந்தார் சனாதனன்.

இப்படி 80 வீடுகள்! எல்லாம் சேர்ந்து 2011-ல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற புத்தகமாக வந்தன. 'முற்றுப்பெறாத தோம்பு' என்று அர்த்தம். இலங்கையில் ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், எந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்று எழுதி வைத்த பதிவேட்டுக்குத்தான் 'தோம்பு' என்று பெயர். வீடு போய்விட்டது, பத்திரமும் தொலைந்துவிட்டது என்றாலும், அவர்கள் கையால் வரைந்த படம் 'இது எங்கள் வீடு' என்று சொல்கிறதே!

ஊசியை வைத்துவிட்டுத் தூரிகை எடுத்த பாட்டி

'எனக்கு வரைய வராதே' என்று முகத்தைச் சுருக்குகிறீர்களா? அமெரிக்காவின் 'கிராண்ட்மா மோசஸ்' கதையைக் கேளுங்கள்.

1860-ல் பிறந்த இவர் ஒரு விவசாயி வீட்டுப் பெண். ஓவியப் பள்ளிப் பக்கமே போனதில்லை. வயதான காலத்தில் கம்பளி நூலால் துணியில் படங்கள் தைத்து வந்தார். மூட்டுவலியால் ஊசி பிடிக்க முடியாமல் போனது. சும்மா இருக்கவில்லை பாட்டி. எழுபது வயதைத் தாண்டிய பிறகு தூரிகையைக் கையில் எடுத்தார்!

என்ன வரைந்தார் தெரியுமா? சின்ன வயதில் பார்த்ததை எல்லாம் வரைந்தார். மேப்பிள் மரத்துச் சாறைக் காய்ச்சிச் சர்க்கரை எடுப்பது, வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்வது, பனியில் வண்டி ஓட்டுவது... ஒரு மருந்துக் கடையின் ஜன்னலில் அந்தப் படங்கள் சில டாலருக்கு விற்பனைக்குக் கிடந்தன. 1938-ல் அந்த வழியாக வந்த ஒருவர் அவற்றை வாங்கிப் போக, 1940-ல் நியூயார்க்கில் கண்காட்சி நடந்தது. பாட்டி உலகப் புகழ் பெற்றுவிட்டார். 1961-ல், 101 வயதில் இறக்கும்வரை ஆயிரத்துக்கும் அதிகமான படங்களை வரைந்தார். அவர் வரைந்த மனிதர்கள் பொம்மை மாதிரி குட்டிக் குட்டியாக இருப்பார்கள். அதனால் என்ன? ஒரு கிராமத்தின் பழைய வாழ்க்கையே அதில் இருக்கிறதே!

துணியும் ஞாபகம்தான்!

வரைவது மட்டும்தான் வழி என்று இல்லை. வங்காளத்தில் 'காந்தா' என்று ஒரு போர்வை உண்டு. கட்டிப் பழசாகிப்போன புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைப்பார்கள். பழைய புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே பூ, மீன், யானை, மனிதர்கள் என்று படமும் போடுவார்கள். போர்த்திக்கொண்டால் அம்மா, பாட்டி புடவை வாசனை!

நம் ஊரில் குழந்தைக்குத் தூளி கட்டுவதும் பழைய புடவையில்தானே? கொலு வைக்கும் வீடுகளில் மரப்பாச்சி பொம்மைகள் அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்துகொண்டே இருக்கும். ஆனால், அது யார் வாங்கிக் கொடுத்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டால் பல வீடுகளில் விழிப்பார்கள். பொம்மை இருக்கிறது, கதை தொலைந்துவிட்டது!

நீங்களும் செய்யலாம்!

தேவையானவை: பெரிய வரைபடத் தாள், பென்சில், வண்ணம், பசை, துணித் துண்டுகள். முக்கியமாக, பேசுவதற்கு ஒரு தாத்தா அல்லது பாட்டி. தூரத்தில் இருக்கிறார்களா? போனில் கேளுங்கள். இல்லையென்றால் பெரியம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டுத் தாத்தா யாராக இருந்தாலும் சரி.

1. "உங்க வீடு எப்படி இருந்துச்சு?" என்று மொத்தமாகக் கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்ற பதில்தான் வரும். "செருப்பை எங்கே விடுவீங்க? உள்ளே நுழைஞ்சதும் இடது கைப் பக்கம் என்ன இருக்கும்? ராத்திரி யார் எங்கே படுப்பீங்க?" என்று கேளுங்கள். ஞாபகம் தானாக நடந்து உள்ளே போகும்.

2. மேலிருந்து பார்ப்பதுபோல வரையுங்கள். திண்ணை, கூடம், அடுக்களை, கிணற்றடி, மாட்டுக்கொட்டில்... எல்லா வீடும் பெரிய வீடாக இருக்க வேண்டாம். ஒற்றை அறைக் குடிசை என்றால் அதையே வரையுங்கள். அதிலும் அடுப்புக்கு ஓர் இடம், பாய்க்கு ஓர் இடம் இருந்திருக்கும்.

3. பென்சிலைப் பாட்டியிடம் கொடுங்கள். "கிணறு இங்கே இல்லடா, அங்கே" என்று அவரே ஒரு கோடு போடட்டும். கை நடுங்கிக் கோணலாக வந்தாலும் அழிக்காதீர்கள். படத்திலேயே விலைமதிப்பில்லாத கோடு அதுதான்!

4. கிணறு இடது பக்கம் என்கிறார் பாட்டி. வலது பக்கம் என்கிறார் அவருடைய தம்பி. சண்டை வேண்டாம். இரண்டு இடத்திலும் வரைந்து, சொன்னவர் பெயரை எழுதுங்கள்.

5. ஜன்னலுக்கும் கொடியில் காயும் துணிக்கும் பழைய வேட்டி, புடவைத் துண்டுகளை ஒட்டுங்கள். கத்தரிக்கும் முன்னால் கட்டாயம் அனுமதி கேளுங்கள். இல்லாவிட்டால் பட்டுப் புடவை போய்விடும், முதுகும் பழுத்துவிடும்!

6. செலோ டேப் ஒட்ட வேண்டாம். நாளாக ஆகப் பழுப்பேறிக் கறை விடும். படத்தை வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

7. பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: யாருடைய வீடு, எந்த ஊர், எந்த வருடம், சொன்னது யார், வரைந்தது யார், தேதி. வீட்டில் மரப்பாச்சி, வெற்றிலைப் பெட்டி, பழைய கூஜா இருந்தால், அதன் கதையையும் ஒரு சீட்டில் எழுதி அதோடு நூலால் கட்டிவிடுங்கள்.

படம் அழகாக வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். ஓவியப் போட்டியில் அடுத்த வருடமும் கலந்துகொள்ளலாம். பாட்டி சொல்லும் கதை அப்படி இல்லை. அவருக்கு ஞாபகம் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

என்ன குட்டீஸ், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே? டிவியை அணைத்துவிட்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு போய்ப் பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். முதல் கேள்வி ஞாபகம் இருக்கிறதல்லவா?

"பாட்டி, உங்க வீட்டிலே செருப்பை எங்கே விடுவீங்க?"