விலை குறைந்த புற்றுநோய் மருந்து அசல் மாதிரியே இருக்கா? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007-ல் 'ரெடிடக்ஸ்' மருந்தை அறிமுகப்படுத்தியது. நிணநீர்ப் புற்றுநோய்க்குத் தரப்படும் ரிடுக்ஸிமாப் என்ற புரத மருந்தின் பயோசிமிலர் இது. விலையும் அசலைவிடக் குறைவு. நோயாளியின் வீட்டில் எழும் முதல் கேள்வி: "ரெண்டும் ஒண்ணுதானா?"

அப்படியே நகலெடுக்க முடியாதா?

முடியாது. பாராசிட்டமால் மூலக்கூறின் எடை 151 டால்டன்தான். ரிடுக்ஸிமாபின் எடை சுமார் 1,45,000 டால்டன். இது உயிருள்ள செல்களில் தயாராகிறது. புரதத்தின் மேல் ஒட்டும் சர்க்கரைகள் ஒவ்வொரு பேட்ச்சிலும் கொஞ்சம் மாறும். அசல் மருந்திலும் இதே கதைதான்.

எடை போட்டால் தெரியாதா?

மூலக்கூறுகளை எடை போடும் கருவிதான் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். ஒரு சர்க்கரை கூடினால் சுமார் 162 டால்டன் ஏறும், அதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் புரதத்தில் ஒரு அஸ்பராஜின் அஸ்பார்டிக் அமிலமாக மாறினால் கூடுவது 1 டால்டன்தான். 1,450 கிலோ நெல் ஏற்றிய வண்டியில் 10 கிராம் கூடிய மாதிரி. எடைமேடையில் தெரியுமா?

அப்புறம் என்ன வழி?

அந்த மாற்றத்தால் புரதத்தின் மின்னூட்டமும் மாறும். அதனால், 50 மைக்ரான் உள்விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் புரதக் கரைசலைச் செலுத்தி, 20,000 முதல் 30,000 வோல்ட் கொடுக்கிறார்கள். மாறிய புரதமும் மாறாத புரதமும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து பிரிகின்றன. இதற்கு கேப்பில்லரி எலக்ட்ரோஃபோரசிஸ் என்று பெயர்.

ஆனால் 'ஏதோ வேறுபாடு இருக்கு' என்பதோடு குழாயின் வேலை முடிந்துவிடும். அது என்ன என்று சொல்ல எடைக் கருவி வேண்டும். அதனால் இரண்டையும் இணைக்கிறார்கள். குழாயின் முனையிலிருந்து கரைசல் மின்னூட்டம் பெற்ற நுண்துளிகளாகத் தெறித்து நேராகக் கருவிக்குள் போகும். இந்த எலக்ட்ரோஸ்ப்ரே முறைக்காகத்தான் ஜான் ஃபென், 2002-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். புரதத்தை முன்கூட்டியே சிறு துண்டுகளாக நறுக்கி அனுப்பினால், 1,500 டால்டன் துண்டில் 1 டால்டன் மாற்றம் பளிச்செனத் தெரியும்.

இதில் சிக்கலே இல்லையா?

இருக்கு. குழாயில் வழக்கமாகப் பயன்படும் உப்புகள் எடைக் கருவியின் சிக்னலை அமுக்கிவிடும். எளிதில் ஆவியாகும் கரைசல்கள்தான் சரிப்படும். கண்ணாடிச் சுவரில் புரதம் ஒட்டாமலிருக்க உள்பூச்சும் தேவை.

நோயாளிக்கு இதனால் என்ன?

ஃபியூகோஸ் என்ற ஒரு சர்க்கரை குறைந்தாலே, புற்றுநோய் செல்லைக் கொல்லும் வேகம் மாறலாம். அதனால்தான் 2012-ல் வெளியாகி 2016-ல் திருத்தப்பட்ட இந்திய வழிகாட்டு நெறிமுறைகள், பயோசிமிலரை அசலோடு ஒப்பிடச் சொல்கின்றன. மருத்துவப் பரிசோதனைக்கு முந்தைய படி இது.

ஆக, "ரெண்டும் ஒண்ணுதானா?" என்றால், அச்சு அசலாக இருக்காது. வித்தியாசம் எங்கே, எவ்வளவு, அது நோயாளியைப் பாதிக்குமா என்பதை அளந்து காட்டியிருக்கிறார்களா? கேட்க வேண்டியது அதைத்தான்.